தூங்குகிற தாயைக் காவலுக்கு வைக்காதீர்கள்

பிறந்த குழந்தைக்குக் கட்டிலை ஒட்டிப் போடுகிற தொட்டில் ஒன்று வாங்கலாமா என்று வீட்டில் பேச்செடுத்துப் பாருங்கள். பதில் வர அரை நிமிடம்கூட ஆகாது. “பத்து மாசம் வயித்துல சுமந்தவளுக்குப் பக்கத்துல போட்டுக்கத் தெரியாதா?” என்பார் மாமியார். “என் புள்ளைங்க நாலும் என் அணைப்புலதான் தூங்குச்சுங்க, என்ன கெட்டுப்போச்சு?” என்பார் பாட்டி. வெள்ளைக்காரன்தான் பிள்ளையைத் தனியாகப் போட்டு வளர்ப்பான், நமக்கு எதற்கு அந்த வழக்கம் என்று சித்தப்பா ஒருவர் பேச்சை முடித்துவைப்பார். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாக்கியம் இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் எல்லோர் வாயிலும் அது வருகிறது: “பெத்தவளுக்குத் தூக்கத்துலயும் ஒரு கண்ணு முழிச்சுட்டுத்தான் இருக்கும்.”

எல்லாம் பாசத்தில் வருகிற பேச்சு. குழந்தை மேல் அக்கறை இல்லாதவர் யாரும் இந்த விவாதத்துக்கே வருவதில்லை. ஆனாலும் இவை தவறு. கடைசி வாக்கியம் தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட. பிரசவமாகிப் பத்து நாள் ஆகாத, சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்காத ஒரு பெண்ணை, தூங்கும்போதும் காவல் காக்கச் சொல்கிற வாக்கியம் அது.

தொட்டில் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கிறது என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெட்சைடு கிரிப் என்று கடைகளில் விற்பது மூன்று பக்கம் உயர்ந்து, தாயின் பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கும் சிறு படுக்கை. கால்களை ஏற்றி இறக்கிக் கட்டில் மெத்தையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வார்ப்பட்டையால் கட்டிலோடு இழுத்துக் கட்டிவிடலாம். தாய் ஒருக்களித்துக் கையை நீட்டினால் குழந்தையின் நெஞ்சில் கை படும். அதன் மூச்சு கேட்கும். பசியில் அழத் தொடங்குவதற்கு முன்பே, அது வாயைச் சப்புக்கொட்டும்போதே தெரிந்துவிடும். எடுத்து அணைத்துப் பால் கொடுத்துவிட்டு, எழுந்து நடக்காமலே மறுபடி அதன் இடத்தில் கிடத்தலாம். இதில் எங்கே இருக்கிறது பிரிவு?

மேல்நாட்டு மருத்துவர்கள் பச்சைக் குழந்தையைத் தனி அறையில் போடச் சொல்கிறார்கள் என்று இங்கே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறானது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அகாதெமி 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், குறைந்தது முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, அவர்கள் படுக்கைக்கு அருகிலேயே தூங்குவது நல்லது என்கிறது. அதற்கென்று கெட்டியான, தட்டையான தனிப்படுக்கை வேண்டும் என்பதுதான் அதோடு சேர்ந்த முக்கிய நிபந்தனை. பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் ஹெலன் பாலும் அவர் குழுவினரும் நியூகாசில் மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் தாய்மார்களையும் சிசுக்களையும் இரவு முழுக்கப் படம்பிடித்துப் பார்த்தார்கள். சில குழந்தைகள் தாயின் படுக்கையிலேயே, சில குழந்தைகள் கட்டிலோடு மாட்டிய தொட்டிலில், சில குழந்தைகள் தள்ளி நிற்கும் தொட்டிலில். 2006-இல் வெளியான முடிவு இது: தள்ளி நின்ற தொட்டிலில் கிடந்த குழந்தைகளைவிட மற்ற இரு வகைக் குழந்தைகளும் அதிக முறை பால் குடித்தன. அணைப்பில் கிடந்தால் தாய்ப்பாலுக்கு என்ன நன்மை கிடைக்குமோ, அதைக் கட்டிலோடு சேர்ந்த தொட்டிலும் கொடுக்கிறது. தாயையும் சேயையும் பிரிக்கும் கருவி என்று இதை எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்த வாதம், “காலங்காலமா இப்படித்தானே?” என்பது. எப்படி என்று நாம் கேட்க வேண்டும். நம் பாட்டிமார் பெரும்பாலும் தரையில் படுத்தவர்கள். சாணி மெழுகிய தரையோ சிமெண்டுத் தரையோ, அதன் மேல் கோரைப்பாய், பாயின் மேல் பழைய நூல்புடவையை மடித்துப் போட்ட விரிப்பு. குழந்தைக்கும் அதேதான். தரை அமுங்காது. உருண்டு விழ உயரமும் இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்தவள் பிறந்த வீட்டில் படுத்திருப்பாள். கணவன் அந்த அறையில் இருக்கமாட்டான். பக்கத்தில் அவள் அம்மாவோ பாட்டியோ பாதித் தூக்கத்தில் துணை கிடப்பார்கள். குழந்தை முனகினால் கைமாற்றி வாங்க ஆள் இருந்தது.

இன்றைய படுக்கையறை வேறு. எட்டு அங்குல ஃபோம் மெத்தை, ஆள் படுத்துப் படுத்து நடுவில் குழி விழுந்தது. ஆளுக்கு இரண்டு தலையணை. ஏசி ஓடுவதால் கனத்த போர்வை. ஒருபுறம் தாய், மறுபுறம் அலுத்துக் களைத்து வந்து படுத்த தகப்பன். நள்ளிரவில் எழுந்து வந்து இடையில் நுழைந்துகொள்ளும் மூன்று வயது அக்கா. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. இவ்வளவுக்கும் நடுவில் மூன்று கிலோகூட இல்லாத ஓர் உயிர். இதைக் காட்டித்தான் நம் மரபு என்கிறோம். இது எந்தப் பாட்டியின் மரபும் அல்ல. பாயில் கிடைத்த பாதுகாப்பைப் பாயோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, பெயரை மட்டும் ஃபோம் மெத்தைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

மெத்தை மென்மையாக இருப்பது பெரியவர் முதுகுக்குச் சுகம், பிஞ்சின் மூச்சுக்கு ஆபத்து. பெரியவர் உடம்பின் கனத்தில் மெத்தை சரிந்து குழந்தை அந்தப் பள்ளத்தை நோக்கி உருளும். முகம் மென்மையான பரப்பில் புதைந்தால், தான் வெளிவிட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். தலையைத் தூக்கித் திருப்பிக்கொள்ளக் கழுத்தில் வலு இருக்காது. பிறந்த குழந்தையின் பின்மண்டை பெரிது. தலைக்கு அடியில் எதையாவது வைத்தால் மோவாய் நெஞ்சில் போய் முட்டும், குறுகலான மூச்சுக்குழாய் இன்னும் ஒடுங்கும். சத்தமில்லாமல் நடக்கிற காரியம் இது. அழுவதற்கு மூச்சு வேண்டுமே. தாய் எவ்வளவு கூர்மையாகக் காது கொடுத்தாலும், கேட்க ஒன்றும் இருக்காது. ‘தூக்கத்திலும் ஒரு கண்’ என்ற நம்பிக்கை இங்கேதான் உடைந்துபோகிறது.

“என் பிள்ளைகள் நாலும் நல்லாத்தானே வளர்ந்தாங்க” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள்தாம் அப்படிப் பேச முடியும். 1971-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளிலும் 129 பேர் ஒரு வயதை எட்டவில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் அந்த எண் 13. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் நல்ல தண்ணீரும் கொண்டுவந்த மாற்றம் அது. படுக்கைக்கு அதில் பங்கு கேட்க நான் வரவில்லை. அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஒரு குழந்தை அசைவற்றுக் கிடந்தால் எப்படி என்று யாரும் கேட்டதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். மாந்தம் என்றார்கள், தோஷம் என்றார்கள், பால் புரையேறிவிட்டது என்றார்கள், கொடுத்துவைக்கவில்லை என்றார்கள். இன்றும் வீட்டில் இரவில் இறக்கும் சிசுவைப் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதில்லை. எண்ணாத சாவு நடக்காத சாவாகிவிடுமா?

எண்ணிய நாடுகளில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. பிரிட்டனில் அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் ஆன் டயமண்ட் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர். அதே ஆண்டு தூக்கத்தில் தன் ஆண் குழந்தையை இழந்தவர். மருந்து இல்லை, கருவி இல்லை, முக்கியமாகப் படுக்கவைக்கும் விதத்தைத்தான் மாற்றினார்கள். திடீர் சிசு மரணங்கள் அமெரிக்காவில் பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே போயின. பிரிட்டனில் இன்றுவரை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கின்றன.

மேல்நாட்டார் சொன்னார்கள், ஆகவே சரி என்பது என் வாதம் இல்லை. குப்புறப் படுக்கவையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காது என்று 1958-இல் தன் புத்தகத்தில் எழுதியவர் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக். இலட்சக்கணக்கான பெற்றோர் அதைக் கேட்டு நடந்தார்கள். குப்புறப் படுப்பதன் ஆபத்து 1970-லேயே கிடைத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பல்லாயிரம் உயிர்கள் பிழைத்திருக்கும் என்று 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அக்கறையோடு, அனுபவத்தோடு, தன் காலத்துத் தர்க்கத்தோடு சொல்லப்பட்ட அறிவுரைதான் அது. அமெரிக்க டாக்டர் சொன்னாலும் உசிலம்பட்டிப் பாட்டி சொன்னாலும் எண்ணிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

ஸ்போக்கின் அந்தப் பழைய பயம் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் புரையேறும், ஒருக்களித்துப் போடு, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடு என்கிறார்கள். உடம்பின் அமைப்பு வேறு கதை சொல்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்து வரும் பால் கீழேயே தங்கும். குழந்தை அதை விழுங்கிவிடும், அல்லது இருமித் துப்பும். குப்புறக் கிடந்தால்தான் மூச்சுக்குழாய் கீழே வருகிறது, பால் அதன் வாய்க்கே வந்து சேர்கிறது. ஒருக்களித்துப் போட்ட குழந்தை குப்புறச் சாய ஒரு சிறு புரளல் போதும். கோடிக்கணக்கான குழந்தைகள் மல்லாந்து தூங்கத் தொடங்கிய பிறகும் புரையேறிச் சாவது எங்கும் கூடவில்லை.

இப்போது அந்தத் தாயைப் பற்றிப் பேசவேண்டும். தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைசிகிச்சைப் பிரசவம் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஏறத்தாழ இரண்டில் ஒருத்தி வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறாள். அவள் படுக்கையிலிருந்து எழுவதை ஒரு முறையாவது பக்கத்திலிருந்து பாருங்கள். நேராக எழ முடியாது. முதலில் ஒருக்களிக்க வேண்டும். ஒரு கையால் தையலைப் பொத்திக்கொண்டு, மறு முழங்கையை ஊன்றி, கால்களை மெதுவாகக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்து நிமிர வேண்டும். பிறகு நிற்க வேண்டும், குனிந்து குழந்தையை எடுக்க வேண்டும், பால் கொடுத்தபின் இத்தனையையும் திருப்பிச் செய்ய வேண்டும். ஓர் இரவில் பல முறை. அறையின் மூலையில் தொட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, பால் கொடுத்ததும் திரும்பக் கிடத்திவிடு என்று சொன்னால் அவள் எத்தனை நாள் செய்வாள்? மூன்றாம் நாளே குழந்தை கட்டிலுக்கு வந்துவிடும். அல்லது, படுத்தால் தூங்கிவிடுவேன் என்று பயந்து அவள் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுப்பாள், அங்கேயே கண்ணயர்வாள். குழந்தையோடு தூங்க இருப்பதிலேயே மிக ஆபத்தான இடம் சோபாதான். இந்தத் துறையில் எதிரெதிர்க் கட்சியில் நிற்கும் ஆய்வாளர்கள்கூட இதில் ஒத்துப்போகிறார்கள்.

வலிமாத்திரை, இரத்தச்சோகை, உறக்கமில்லா வாரங்கள் எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது வருகிற தூக்கம் சாதாரணத் தூக்கம் அல்ல. அதில் விழித்திருக்கும் கண் எதுவும் கிடையாது. அவளுக்குத் தேவை இரவில் உடன் எழுகிற ஒரு ஆளும், கைக்கெட்டும் தூரத்தில் குழந்தைக்கு ஒரு தனி இடமும். இரண்டையும் கொடுக்காமல் தாயுள்ளம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டு, ஏதாவது ஆகிவிட்டால் என்ன சொல்கிறது இதே ஊர்? “புள்ள மேல படுத்துட்டா” என்கிறது. வாழ்நாள் முழுக்க அவள் சுமக்கவேண்டிய பழி அது. பாராட்டுபோலக் கொடுத்த காவல் வேலை குற்றப்பத்திரிகையாகத் திரும்பி வருகிறது. அந்த ‘ஒரு கண்’ வாக்கியத்தின் மீது எனக்குள்ள கோபம் இதனால்தான்.

அணைப்பிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டும், அமுங்கிவிடவும் கூடாது என்ற தவிப்பு வெள்ளைக்காரரின் நவீனக் கண்டுபிடிப்பு அல்ல. எல்லாத் தாய்மாருக்கும் எல்லாக் காலத்திலும் இருந்தது அது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துச் செவிலித்தாய்மார் படுக்கையில் குழந்தையின் மேல் கவிழ்க்கும் ஒரு மரக்கூட்டை வைத்திருந்தார்கள். ஆர்குச்சியோ என்று பெயர். போர்வையோ உடம்போ குழந்தையை அழுத்தாதபடி வளைந்த சட்டங்கள். தாய் சாய்ந்து பால் கொடுக்க ஒரு பக்கம் வெட்டு. 1730-களில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அதன் படமும் விளக்கமும் வெளிவந்தன.

இன்னும் நெருக்கமான பாடம் நியூசிலாந்தின் மவோரி மக்களிடம் இருக்கிறது. நம்மைப் போலவே பிள்ளையை அணைப்பில் போட்டுத் தூங்குகிறவர்கள். அவர்களிடையே இரவு மரணங்கள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. கர்ப்பகாலப் புகைப்பழக்கம் ஒரு பெரிய காரணம். பிள்ளையைப் படுக்கையிலிருந்து எடுங்கள் என்ற அரசாங்கப் பிரசாரம் அவர்கள் காதில் ஏறவில்லை. 2000-களின் நடுவில் டேவிட் டிபேனே-லீச் என்ற மவோரி மருத்துவர் கூடை முடைவோருடன் உட்கார்ந்தார். ஹரகேகே என்ற நார்ச்செடியின் இலையில், தட்டையான அடியும் தாழ்ந்த விளிம்பும் கொண்ட வஹகுரா என்ற கூடை உருவானது. குழந்தை பெற்றோரின் படுக்கையிலேயே இருக்கும், ஆனால் தன் கூடைக்குள் இருக்கும். 2011-இல் கிறைஸ்ட்சர்ச் பூகம்பத்தில் வீடிழந்து நெருக்கியடித்துப் படுத்த குடும்பங்களுக்கு இதே எண்ணத்தில் பிளாஸ்டிக் பெட்டிகள் கொடுத்தார்கள். வஹகுராவையும் சாதாரணத் தொட்டிலையும் ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வந்தது. கூடையால் ஆபத்து கூடவில்லை. ஆறு மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் கூடைப் பக்கம் ஏறத்தாழ இருமடங்கு. கூடை முடைய நமக்கும் தெரியும். கோரை இருக்கிறது, பனை இருக்கிறது, மூங்கில் இருக்கிறது. தங்கள் வழக்கத்தை விட்டுக்கொடுக்காமலே குழந்தைக்குத் தனி இடம் செய்துகொண்ட ஒரு சமூகம் கண்முன்னே இருக்கும்போது, தனி இடம் என்றாலே வெள்ளைக்காரத்தனம் என்று எப்படிச் சொல்கிறோம்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்க மாட்டேன். சேர்ந்து தூங்குவதே ஆபத்தா, சேர்ந்து தூங்கும் சூழலில்தான் ஆபத்தா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை தீரவில்லை. புகைக்காத, குடிக்காத, பாலூட்டும் தாயோடு ஒரே படுக்கையில் தூங்கினாலும் முதல் மூன்று மாதத்தில் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றது 2013-இல் ஓர் ஆய்வு. சோபா, மது, புகை மூன்றையும் நீக்கிவிட்டால் அப்படிப் பெரிய ஆபத்து தெரியவில்லை என்றது அடுத்த ஆண்டே இன்னொன்று. ஜப்பானைப் பாருங்கள், பிள்ளையோடுதான் படுக்கிறார்கள், அங்கே சாவு குறைவு என்பார்கள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள்: தரையில் விரித்த கெட்டியான ஃபூட்டான், புகைக்காத தாய்மார். நம் பழைய பாய்க்குத்தான் அது சொந்தக்காரன், எட்டு அங்குல ஃபோமுக்கு அல்ல. சேர்ந்து தூங்குவதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய அமெரிக்க மானிடவியலாளர் ஜேம்ஸ் மெக்கென்னாகூட எடை குறைந்து பிறந்த குழந்தையையும் குறைமாதக் குழந்தையையும் பக்கத்தில் தனிப்படுக்கையில்தான் போடச் சொல்கிறார். இந்தியாவில் எடை போடப்பட்ட பிறப்புகளில் 18 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே. ஆக, அவருடைய நிபந்தனைகளை வைத்துப் பார்த்தாலும் நம் படுக்கையறைகளில் பல தேறாது.

இவ்வளவும் சொன்னபிறகு கடைக்குப் போகிறவர்களையும் நான் எச்சரித்தாக வேண்டும், ஏனென்றால் அங்கே இன்னொரு தவறான நம்பிக்கை காத்திருக்கிறது: விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது. அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ராக் அண்ட் பிளே என்ற சாய்வுப் படுக்கை 2009 முதல் விற்றது. பேர்பெற்ற நிறுவனம், இலட்சக்கணக்கான வீடுகள். 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 இலட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 30 குழந்தைகளுக்கு மேல் அதில் இறந்திருந்தன. சாய்வில் குழந்தையின் தலை முன்னால் கவிழும், புரள்வதும் எளிதாகிவிடும். 2022 மே மாதம் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் பத்து டிகிரிக்கு மேல் சாயும் சிசுப் படுக்கைகளையும், தொட்டிலின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைகளையும் விற்பதற்கே தடை போட்டது. நம் கடைகளில் அதே பஞ்சுச் சுற்று, ஒரு குட்டித் தலையணை, இருபுறமும் உருளைத் திண்டு, பூப்போட்ட மெத்தை எல்லாம் சேர்த்து ‘பேபி பெட்டிங் செட்’ என்று சீமந்தப் பரிசாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செட்டில் உள்ள எதுவும் தூங்குகிற குழந்தையின் அருகில் இருக்கக் கூடாது. தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வேண்டும் என்பார்கள். அதுவும் வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் ஆள் பார்த்திருக்கக் கொஞ்சம் குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள், தூக்கத்தில் தலையை ஒரு நாள் இந்தப் பக்கம் ஒரு நாள் அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். தலையின் தட்டை பெரும்பாலும் தானே சரியாகும்.

தொட்டில் வாங்கும் முன் அளவுநாடாவோடு உங்கள் கட்டிலிடம் போங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் பணத்தை வீணாக்கியவர்கள் ஏராளம். பெரும்பாலான பெட்சைடு தொட்டில்களின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் தொட்டில் கட்டிலோடு ஒட்டும். நம் வீடுகளில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில்தான் அதிகம்; அடியில் ஒரு விரல் இடமும் இருக்காது. கால் முட்டி, தொட்டில் நாலு அங்குலம் தள்ளி நிற்கும். அந்தச் சந்தில் துணியைத் திணித்து அடைப்பார்கள். துணி இறங்கும், இடைவெளி திறக்கும், குழந்தையின் முகமோ கழுத்தோ சிக்க அவ்வளவு போதும். உங்களுடையது பெட்டிக் கட்டில் என்றால், நான்கு பக்கமும் வலையடித்து உயர்ந்த சிறு தொட்டிலைத் தாயின் தலைமாட்டுக்கு நேராக, கை எட்டும் தூரத்தில் போடுங்கள். அதுவே நல்லது.

ஒட்டுகிற தொட்டில் என்றால், தாழ்ந்த பக்கத்து விளிம்பும் உங்கள் மெத்தையின் மேல்மட்டமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். குழந்தையின் மெத்தை அந்த விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும். அந்தச் சிறு வரப்புதான் அது உங்கள் பக்கம் உருளாமல் தடுக்கிறது. வார்ப்பட்டையைக் கட்டியபின் தொட்டிலைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. வாரத்துக்கொரு முறை மறுபடி இழுத்துப் பாருங்கள், பட்டை தளரும். மெத்தையின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுங்கள். கை வைத்த தடம் தங்கினால் அது குழந்தைக்கு ஆகாது. கூடவே வந்த மெத்தை மெல்லியதாக, கட்டை போல இருக்கிறதே என்று மேலே இலவம்பஞ்சு மெத்தை போடாதீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் அது. எதுக்களிப்புக்கு என்று ஒரு பக்கத்துக் காலை உயர்த்தும் வசதியைத் தொடவே வேண்டாம். உங்கள் போர்வையும் தலையணையும் வரப்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. நீங்கள் எழுந்து போனால் பக்கத்துத் தடுப்பை ஏற்றிவிடுங்கள்.

கோடை இராத்திரியில் குல்லாவும் கையுறையும் காலுறையும் மாட்டித் துணியில் இறுகச் சுற்றுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காதில் காற்று நுழைந்துவிடும் என்பதால் குல்லா. குழந்தை உடம்புச் சூட்டைத் தலை வழியாகத்தான் அதிகம் வெளியேற்றுகிறது. அதை மூடுவது நல்லதல்ல, அதிகச் சூடும் ஓர் ஆபத்து. பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். கொசுவலை நமக்கு வேண்டும், டெங்கு உள்ள ஊர் இது. ஆனால் சட்டத்தின் வெளியே விறைப்பாக நிற்கும் வலையாக இருக்கட்டும். கழுத்தில் கறுப்புக் கயிறோ வசம்பு மாலையோ தூங்கும்போது வேண்டாம்.

தூளியை என்ன செய்வது என்று கேட்பார்கள். பகலில், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது அழுகிற பிள்ளையை அது அமர்த்தும், மறுக்கவில்லை. ஆனால் இராத்தூக்கத்துக்கு உகந்த இடம் அல்ல அது. சேலை இருபுறமும் முகத்தோடு ஒட்டும், முதுகு வளையும், மோவாய் நெஞ்சைத் தொடும். அண்ணன் அக்காமார் ஏறி ஆடி, துணி முறுக்கிக் கழுத்து இறுகிய சாவுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தூளியில் தூங்கிப்போனால் எடுத்துத் தட்டையான இடத்தில் கிடத்துங்கள்.

“அஞ்சாறு மாசத்துக்கு இவ்வளவு செலவா?” என்பது மிச்சமுள்ள கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. குழந்தை புரளவோ கையூன்றி எழவோ தொடங்கினால் இந்தத் தொட்டில் முடிந்தது, உயரமான சுற்றுள்ள தொட்டிலுக்கு மாற வேண்டும். ஆனால் எனக்கு வேண்டியது கடைப்பொருள் இல்லை, கெட்டியான, தட்டையான, காலியான ஓர் இடம். கட்டில் இல்லாத வீட்டில் தாயின் பாயை ஒட்டிக் குழந்தைக்கென்று இன்னொரு பாய், மேலே இறுக்கி மடித்த ஒரே விரிப்பு, நடுவில் தலையணை இல்லை, போதும். பின்லாந்து 1938-இல் ஏழைத் தாய்மாருக்கு அட்டைப்பெட்டி கொடுக்கத் தொடங்கியது. துணிமணியும் சிறு மெத்தையும் உள்ளே. பெட்டியே குழந்தையின் முதல் படுக்கை. 1949-இல் எல்லாத் தாய்மாருக்கும் அதை விரிவுபடுத்தினார்கள்.

நம்மிடமும் பெட்டகம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகத்தைத் தமிழ்நாடு அரசு 2015-இல் கொடுக்கத் தொடங்கியது. படுக்கையும் கொசுவலையும் அதில் உண்டு. அந்தப் படுக்கை கெட்டியான தட்டை மெத்தையாக இருக்க வேண்டும், அடியில் விறைப்பான அட்டைத்தொட்டி ஒன்று சேர வேண்டும், மல்லாக்க, தனியாக, பக்கத்தில் என்று அதன் மேல் படத்தோடு அச்சிட வேண்டும் என்று கேட்கிறேன். பிரசவமான வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் எடை பார்க்கிறார், தொப்புள் காய்ந்ததா பார்க்கிறார், தடுப்பூசி அட்டையைப் பார்க்கிறார். “ராத்திரி புள்ள எங்கம்மா படுக்குது, காட்டுங்க” என்று கேட்பதையும் அவருடைய வேலையில் சேர்க்க வேண்டும். அவர் சொன்னால் மாமியாரும் கேட்பார், தகப்பனும் கேட்பான்.